புது இன்ஜினும் பழைய ஸ்டியரிங்கும்

1965ஆம் வருஷத்து ஃபோர்டு மஸ்டாங் காரின் பானெட்டைத் திறந்து பார்க்கிறவர் கண்ணில் இன்ஜினுக்கும் முன்பாகப் படுவன, அதன் இரு மருங்கிலும் எழுந்து நிற்கும் தகட்டுக் கோபுரங்கள். அந்தக் காரில் முன்சக்கரத்தின் ஸ்பிரிங், சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் இரண்டு கைகளில் மேல் கையின்மீது அமர்ந்து செங்குத்தாக மேலே செல்கிறது. அந்த ஸ்பிரிங்கையும் அதனுள்ளே நிற்கும் ஷாக் அப்சார்பரையும் தாங்குவதற்காகவே இக்கோபுரங்கள், இன்ஜினுக்குரிய இடத்தை இரு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஃபால்கன் என்னும் சிக்கனமான சிறு காரின் அங்கங்களைக்கொண்டு உருவாக்கப்பட்டதாகையால், 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெளிவந்த நாள் முதலே மஸ்டாங்குக்கு இந்த நெருக்கடி உடன்பிறந்ததாயிற்று. 289 கன அங்குலக் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் இன்ஜின் அதற்குள் ஒருவாறு பொருந்தியது. இடது பக்கத்தில், புகைக்குழாய்களுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே எஞ்சிய சிறு சந்தில், டிரைவரின் கையிலிருந்து இறங்கிவரும் ஸ்டியரிங் தண்டும் அதன் நுனியிலுள்ள ஸ்டியரிங் பாக்ஸும் அமர்ந்தன.

அறுபதுகளின் அமெரிக்க மசில் கார்களை இன்று பேணுகிறவர்களுள் பலர், பழைய இன்ஜினை இறக்கிவிட்டுப் புதிய இன்ஜினை ஏற்றுவதில் பெருவிருப்பம் உடையவர்கள். மஸ்டாங் அன்பர்களின் மனத்தை மிகவும் கவர்ந்திருப்பது, 2011ஆம் வருஷத்து மஸ்டாங்கில் 412 குதிரைத்திறனோடு அறிமுகமான, கொயோட்டி என்று பெயர் வழங்கும் ஐந்து லிட்டர் இன்ஜின். குதிரைத்திறனையும் கியர்பாக்ஸையும் பற்றி மாதக்கணக்காக ஆலோசிக்கிறவர்கள், ஸ்டியரிங்கைப் பற்றி, இன்ஜின் தன் ஸ்தானத்தில் உட்கார்ந்து புகைக்குழாய்களும் பூட்டப்பட்ட பிறகே நினைக்கிறார்கள். அப்போது அவர்கள் தேர்ந்தெடுப்பதற்கு மிஞ்சியிருப்பது மிகச் சொற்பம். இவ்விஷயத்தில் வரிசை தலைகீழாக இருக்கவேண்டும் என்பதும், ஸ்டியரிங்கை நிர்ணயித்த பிறகே இன்ஜினுக்குரிய ஆயில் பானையும் புகைக்குழாயையும் வாங்கவேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இதன் காரணத்தை அறிய, ஸ்டியரிங் செய்யும் வேலை இன்னதென்று முதலில் பார்க்கவேண்டும். நின்றுகொண்டிருக்கும் காரின் முன்சக்கரங்களைத் திருப்புகையில், டயரின் அடிப்பாகம் தரையோடு உரசிச் சுழல்கிறது. அந்த உராய்வை வெல்வதற்கு வேண்டிய முறுக்குவிசை, மனிதக் கை நேராகத் தரக்கூடியதைவிட மிகப் பெரிது. ஆகவே இடையில் ஒரு விகிதத்தை வைத்து, கை அதிக தூரம் நகர, சக்கரம் குறைந்த தூரம் திரும்பும்படி செய்கிறார்கள். மஸ்டாங்கின் சாதாரண பாக்ஸில் இவ்விகிதம் ஏறக்குறைய 19க்கு 1. பவர் ஸ்டியரிங் பொருத்திய கார்களில் 16க்கு 1. அக்காலத்துக் கிரைஸ்லர் கார்களிலோ, பவர் இல்லாத பாக்ஸின் விகிதம் 24 வரையில் சென்றது. 24ஐ 16 ஆக்கினால் கையின் அலைச்சல் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் கையின் பலம் ஒன்றரை மடங்கு வேண்டியிருக்கும். வேலையின் அளவு மாறுவதில்லை. பலமாகக் கொடுப்பதா, தூரமாகக் கொடுப்பதா என்பதே மாறுகிறது. பதினாறு அங்குல ஸ்டியரிங் வீலைக் கழற்றிவிட்டு அழகுக்காகப் பதினான்கு அங்குல வீலைப் பூட்டுகிறவர், அந்த ஒரு காரியத்தாலேயே தம் கைகளுக்கு ஏழில் ஒரு பங்கு சுமையை ஏற்றிக்கொள்கிறார். அகலமான ரேடியல் டயர்கள் இச்சுமையை மேலும் பெருக்குகின்றன.

பழைய பாக்ஸைப் பற்றி இன்று இகழ்ச்சியாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமன்று. அதைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் அதன் நுட்பத்தைக் கண்டு வியக்காமல் இருக்கமாட்டார்கள். ஸ்டியரிங் தண்டின் கீழ்நுனியில் திருகுப்புரி வெட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் ஒரு கனத்த நட்டு. ஆனால் திருகின் புரியும் நட்டின் புரியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே உருக்குக் குண்டுகள் உருள்கின்றன. நட்டின் ஒரு முனைக்கு வந்த குண்டு ஒரு சிறு குழாய்க்குள் புகுந்து மறுமுனைக்குத் திரும்பிச்சென்று மறுபடியும் தன் வேலையைத் தொடங்குகிறது. நட்டின் வெளிப்புறத்துப் பற்கள் மற்றொரு பல்வட்டத்தைத் திருப்ப, அதனோடு இணைந்த பிட்மன் ஆர்ம் காரின் குறுக்கே செல்லும் நடுத்தண்டைத் தள்ளுகிறது. மிச்சிகன் மாகாணத்துச் சாகினா நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்டியரிங் பிரிவு இவ்வமைப்பை உருவாக்க, 1940ஆம் வருஷத்துக் காடிலாக் அதை ஏற்றுக்கொண்டது. உராய்வு இதில் மிகவும் குறைவு. சாலையின் அதிர்ச்சியைத் தாங்கும் வலிமை மிகவும் அதிகம். தேய்ந்துபோன பாக்ஸில் காணும் தளர்ச்சியைப் பாக்ஸ் என்னும் ஜாதிக்கே உரிய குற்றமாகக் கருதுவது சரியான பரிசீலனை ஆகாது.

கையின் பலத்துக்குத் துணை தேடும் முயற்சியும் நீண்ட சரித்திரம் உடையது. பியர்ஸ் ஆரோ கம்பெனியில் இன்ஜினியராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ், மசாசூசெட்ஸ் மாகாணத்து வால்தம் நகரில் தாமே ஒரு பட்டறை வைத்து, எண்ணெயின் அழுத்தத்தால் ஸ்டியரிங்குக்கு உதவும் சாதனத்தை அமைத்து, 1926இல் டெட்ராய்ட் நகருக்கே காரில் சென்று அதை ஓட்டிக் காட்டினார். பொருளாதார மந்தம் வந்து, விலை கட்டாது என்று அது கைவிடப்பட்டது. யுத்தகாலத்தில் ராணுவ வண்டிகள் அதைக் கையாண்டன. 1951இல்தான் கிரைஸ்லர் இம்பீரியல் அதை ஒரு சொகுசுக் காரின் அங்கமாகக் கடைவீதிக்குக் கொண்டுவந்தது.

பவர் ஸ்டியரிங்கின் உயிர்நிலை, மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்றில் இருக்கிறது. டிரைவர் வீலைத் திருப்பும்போது அக்கம்பி மிகச் சிறிதளவு முறுகுகிறது. அந்த முறுக்கின் அளவுக்கேற்ப வால்வு திறக்க, பம்பிலிருந்து வரும் எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கத்தை அழுத்துகிறது. மேட்டில் ஏறும் கைவண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிற ஆள், முன்னால் இழுப்பவன் எவ்வளவு திணறுகிறானோ அவ்வளவே தள்ளுவதைப் போல, இச்சாதனமும் கையின் சிரமத்தை அறிந்து அதற்குத் தக்கபடியே உதவுகிறது. கம்பி கனமாக இருந்தால் கைக்குச் சாலையின் செய்தி அதிகமாகத் தெரியும்; மெலிதாக இருந்தால் ஒரு விரலால் திருப்பலாம், ஆனால் சக்கரத்தின் அடியில் நடப்பது ஒன்றும் தெரியாது. அறுபதுகளின் அமெரிக்க வாகனங்கள் இரண்டாவது வழியையே விரும்பின. மஸ்டாங்கிலோ இவ்வேற்பாடு பாக்ஸுக்குள்ளேயே இல்லை; பிட்மன் ஆர்மின் நுனியில் ஒரு வால்வும், நடுத்தண்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையில் ஒரு சிலிண்டரும், அவற்றை இணைக்கும் ரப்பர் ஹோஸ்களுமாகக் காரின் வயிற்றடியில் வெளிப்படையாகத் தொங்கியது. நாளடைவில் எண்ணெய் கசிந்து, புழுதி அப்பி, கறுத்துப்போன அந்த வால்வை நீக்கிவிட விரும்புகிறவர்களைக் குறைசொல்லுவதற்கில்லை.

இனி இன்ஜின் மாற்றத்துக்கு வருவோம். கொயோட்டியின் தலைப்பாகங்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு கேம் ஷாஃப்டுகள் உள்ளன. ஆகவே அது உயரத்திலும் அகலத்திலும் பழைய 289ஐ வெகுவாக விஞ்சியது. கோபுரங்களை வெட்டாமல் 1965ஆம் வருஷத்து உடலுக்குள் அது இறங்காது. இப்பிரச்சனை ஃபோர்டு கம்பெனிக்கே முன்பு ஒருமுறை நேர்ந்ததுண்டு; 1969இல் பாஸ் 429 என்ற அகன்ற இன்ஜினை மஸ்டாங்கில் வைக்க விரும்பியபோது, மிச்சிகனில் பிரைட்டன் என்னும் ஊரிலிருந்த கார் கிராஃப்ட் பட்டறைக்குக் கார்களை அனுப்பி, கோபுரங்களையே இடம் மாற்றவேண்டி வந்தது. இன்றைய பட்டறைகள் கோபுரங்களை அறவே நீக்கிவிட்டு, 1974இல் வந்த மஸ்டாங் 2 என்ற சிறிய காரின் முன்பாக அமைப்பைத் தழுவிய குறுக்குச்சட்டத்தைப் பற்றவைக்கிறார்கள். கோபுரம் ஏந்தியிருந்த பாரம் முழுவதும் அப்போது கீழ்ச்சட்டத்தின்மேல் இறங்குவதால், அச்சட்டத்துக்கு உரிய வலுவைக் கூட்டாமல் இவ்வேலையைச் செய்வது ஆபத்து.

மஸ்டாங் 2இன் ஸ்டியரிங், தண்டின் நுனியிலுள்ள பற்சக்கரம் பற்களுடைய ஒரு கோலைப் பக்கவாட்டில் நகர்த்தும் ரேக் அண்டு பினியன் வகையைச் சேர்ந்தது; அது சக்கர அச்சுக்கு முன்னால் அமைவது. பழைய மஸ்டாங்கின் நடுத்தண்டோ சக்கர அச்சுக்குப் பின்னால் செல்வது. இவ்வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நடுத்தண்டு பின்னால் சென்ற காரணத்தால், பழைய இன்ஜினின் ஆயில் பானில் எண்ணெய் தேங்கும் ஆழமான பகுதி முன்பக்கத்தில் இருந்தது. ரேக் முன்னால் வந்துவிட்டால் அந்த ஆழம் பின்பக்கம் போயாகவேண்டும். ஸ்டியரிங்கை நிர்ணயிக்காமல் ஆயில் பானை வாங்குகிறவர் இரண்டு முறை வாங்கநேரும் என்பது இதனால்தான்.

ரேக் என்றாலே துல்லியம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பிட்மன் ஆர்ம், நடுத்தண்டின் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் முதலியவற்றின் மூட்டுகள் அதில் இல்லையாதலால் தளர்ச்சி சேருவதற்கு இடம் குறைவு என்பது மெய்தான். ஆயினும் ரேக் எங்கே அமர்கிறது என்பது, அது ரேக் என்பதைவிட முக்கியமானது. சக்கரம் மேட்டில் ஏறி இறங்கும்போது, மேல்கையும் கீழ்க்கையும் வகுத்த ஒரு வளைகோட்டில் அது நகர்கிறது. சக்கரத்தை ரேக்கோடு இணைக்கும் டை ராடின் நுனியும், தன் உள்மூட்டை மையமாகக் கொண்டு வேறொரு வளைகோட்டில் நகர விரும்புகிறது. இரண்டு கோடுகளும் ஒத்திருந்தால் சக்கரம் நேராகவே ஏறி இறங்கும். ஒத்திராவிட்டால், டிரைவர் வீலை அசைக்காமலே, ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும். ‘பம்ப் ஸ்டியர்’ என்று பட்டறையில் சொல்லப்படும் தோஷம் இதுவே. இதைத் தவிர்க்க, டை ராடின் உள்மூட்டு, இரண்டு கைகளின் உள்மூட்டுகளைச் சேர்க்கும் கோட்டை ஒட்டி இருக்கவேண்டும். டை ராடை உள்நோக்கி நீட்டினால், இரு கைகளையும் நீட்டும்போது அவை சந்திக்கிற அதே புள்ளியில் போய்ச் சேரவும் வேண்டும். வேறொரு காருக்காகச் செய்யப்பட்ட ரேக்கின் நீளம் அந்தக் காரின் கணக்குக்கு உட்பட்டது. அதைப் பழைய மஸ்டாங்கின் நடுத்தண்டு இருந்த இடத்தில் வெறுமனே பூட்டினால் இக்கணக்கு தவறிப்போகும். ஆகவே நல்ல தயாரிப்பாளர்கள், டை ராடுகளை ரேக்கின் நுனிகளிலிருந்து எடுக்காமல் நடுப்பாகத்திலிருந்து எடுக்கும் யுக்தியைக் கையாளுகிறார்கள். ரேக் நகரும் தூரம் பழைய நடுத்தண்டு நகர்ந்த தூரத்துக்குக் குறைந்ததாக இருந்தால், கார் திரும்புவதற்கு வேண்டிய வட்டம் பெரிதாகிவிடும் என்பதையும் வாங்குமுன் கேட்டறியவேண்டும்.

அடுத்தது தண்டு. 1965, 66ஆம் வருஷத்து மஸ்டாங்கில், வீலிலிருந்து பாக்ஸ் வரையில் ஸ்டியரிங் தண்டு ஒரே நீண்ட உருக்குக் கோலாக இருந்தது; அதன் கீழ்நுனி முன்சக்கரத்தை ஒட்டியும் மேல்நுனி டிரைவரின் நெஞ்சுக்கு நேராகவும் இருந்ததால், முன்பக்க மோதலில் அது பின்னோக்கி வந்து டிரைவரைத் தாக்கும் அபாயம் உண்டு. 1966இல் அமெரிக்காவில் நிறைவேறிய வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவாக, 1968 ஜனவரி முதல் தேதியிலிருந்து இத்தகைய அபாயத்தைக் குறைக்கும் விதிகள் கார்களுக்கு விதிக்கப்பட்டன. ஆகவே மோதலில் மடங்கி ஒடுங்கும் தண்டைப் பொருத்துவதற்கு இன்ஜின் மாற்றம் ஒரு நல்ல சந்தர்ப்பம். குதிரைத்திறன் கூடிய காரில் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் ஒத்திப்போடவே கூடாது.

புதிய தண்டு, இடதுபக்கத்துப் புகைக்குழாய்களைச் சுற்றிவளைத்து ரேக்கை அடையவேண்டியிருப்பதால், இடையில் யூனிவர்சல் ஜாயிண்டுகள் வருகின்றன. கோணம் தாங்கிச் சுழலும் இந்த ஜாயிண்டுக்கு ஒரு விசித்திரமான சுபாவம் உண்டு: மேல்தண்டு சீராகச் சுழன்றாலும் கீழ்த்தண்டு சீராகச் சுழல்வதில்லை. முப்பது டிகிரி கோணத்தில் ஒரு ஜாயிண்ட் மட்டும் இருந்தால், கீழ்த்தண்டின் வேகம், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை, மேல்தண்டின் வேகத்தில் 0.87 பங்குக்கும் 1.15 பங்குக்கும் இடையே ஏறி இறங்கும். டிரைவரின் கைக்கு அது ஓரிடத்தில் இறுக்கமாகவும் அடுத்த இடத்தில் இளக்கமாகவும் தெரியும். இரண்டு ஜாயிண்டுகளைச் சமகோணத்தில் வைத்து, நடுத்துண்டின் இரு நுனிகளிலுமுள்ள கவைகளை ஒரே தளத்தில் நிறுத்தினால், முதலாவது செய்த கோளாறை இரண்டாவது சரிசெய்துவிடும்; கவைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக நிறுத்தினால் கோளாறு இரட்டிக்கும். கோணங்கள் பெரிதாகி மூன்று ஜாயிண்டுகள் தேவைப்பட்டால், நடுவில் தண்டைத் தாங்க ஒரு பேரிங் கட்டாயம் வேண்டும்; இல்லாவிட்டால் தண்டு சுழல்வதற்குப் பதிலாக மடங்கி அலையும்.

துணைச் சக்தி எங்கிருந்து வருவது என்பது கடைசிக் கேள்வி. கொயோட்டி பிறந்த 2011ஆம் வருஷத்து மஸ்டாங்கின் ஸ்டியரிங் மின்சாரத்தால் உதவப்படுவது. எண்ணெய்ப் பம்பு அந்தக் காரில் இல்லை. ஆகவே அதைப் பூட்டுவதற்குரிய ஏற்பாடும் அந்த இன்ஜினில் இல்லை. தனிப் பிராக்கெட்டும் பெல்ட்டும் சேர்த்துப் பம்பைப் பொருத்தலாம். அப்படிச் செய்கிறவர்கள், பம்பின் அழுத்தமும் ஓட்டமும் ரேக்கின் வால்வுக்கு இசைந்தவையா என்று பார்க்கவேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் பாக்ஸுகளுக்காக, சதுர அங்குலத்துக்கு ஆயிரம் ராத்தலுக்கும் வெகுவாக மேற்பட்ட அழுத்தம் தரும்படி அமைந்த பம்பை மஸ்டாங் 2 ரேக்கோடு இணைத்தால், கை தொட்டவுடன் கார் துள்ளித் திரும்பும். நெடுஞ்சாலையில் அத்தகைய காரை ஓட்டுவது இடைவிடாத கவலை. ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றால் இது தீரும். பலர் இதை அறியாமல் ரேக்கையே பழிக்கிறார்கள்.

மற்றொரு வழி, டாஷ்போர்டுக்கு அடியில் ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்த மின்மோட்டார். 1988இல் சுசூகியின் செர்வோ என்ற சின்னஞ்சிறு காரில் முதன்முதல் விற்பனைக்கு வந்த இவ்வமைப்பில், முறுக்குக் கம்பியின் முறுக்கை வால்வுக்குப் பதில் ஒரு மின்னுணரி அளக்கிறது. பம்பு, ஹோஸ், எண்ணெய் எதுவும் இல்லாததால், புகைக்குழாய்களின் சூட்டுக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் நின்ற இடத்தில் திருப்பும்போது மோட்டார் ஐம்பது ஆம்பியர் வரையில் இழுக்கக்கூடும். பன்னிரண்டு வோல்ட்டில் அது அறுநூறு வாட். பழைய மஸ்டாங்கின் சிறிய ஆல்டர்னேட்டருக்கு இது தாங்காத பாரம்; கொயோட்டியோடு வரும் ஆல்டர்னேட்டருக்கு அவ்வளவு பெரிதன்று. காரின் வேகத்தை அறியும் இணைப்பு இல்லாத சாதனங்கள் எல்லா வேகத்திலும் ஒரே அளவில் உதவுவதால், அதைக் குறைக்கவும் கூட்டவும் ஒரு குமிழை வைத்துக்கொடுக்கிறார்கள். எண்ணெய் தரும் மெல்லிய உணர்ச்சியை இந்த மோட்டார் முழுவதும் தருவதில்லை; அதன் பற்சக்கரங்களின் உராய்வு, சாலையிலிருந்து வரும் சிறு சிறு செய்திகளை விழுங்கிவிடுகிறது.

எனினும் கொயோட்டியை ஏற்றுவதென்று தீர்மானித்துக் கோபுரங்களை வெட்டிவிட்டவருக்கு, பவர் இல்லாத நல்ல ரேக்கும், மடங்கும் தண்டும், மின்மோட்டார் உதவியுமே பொருத்தமானவை என்று கருதுகிறேன். இன்ஜின் எந்த ஏற்பாட்டுக்காகப் பிறந்ததோ அந்த ஏற்பாட்டோடு அது இசைந்து போகிறது. கோபுரங்களைக் காப்பாற்றிக்கொண்டு, 289இன் வம்சத்தைச் சேர்ந்த பிற்கால 302 இன்ஜினை வைக்கிறவருக்கோ நான் ரேக்கைச் சிபாரிசு செய்யமாட்டேன். பாக்ஸுக்குள்ளேயே வால்வும் பிஸ்டனும் அடங்கிய புதிய பவர் பாக்ஸ் ஒன்றை, பழைய பாக்ஸின் ஸ்தானத்திலேயே பூட்டலாம்; நடுத்தண்டும் டை ராடும் இருந்த இடத்தில் இருக்கும்; ஃபோர்டு இன்ஜினியர்கள் வகுத்த வளைகோடுகள் குலையா. 1965இல் மஸ்டாங்கை மாற்றியமைத்து உருவாக்கிய ஷெல்பி ஜி.டி. 350 கார்களில் பாக்ஸை மாற்றாமல், பிட்மன் ஆர்மையும் ஐட்லர் ஆர்மையும் நீளமாக்கி, மேல்கையின் மூட்டை ஓர் அங்குலம் கீழே இறக்கியே வளைவுகளில் அவ்வளவு கூர்மையை வரவழைத்தார்கள் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

எதைப் பொருத்தினாலும், காரைச் சாலைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு சோதனை செய்யவேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவைத்து, சக்கர ஹப்பில் ஒரு தட்டையான பலகையைக் கட்டி, அதன் முன்ஓரத்திலும் பின்ஓரத்திலும் ஒவ்வொரு டயல் கேஜை நிறுத்தி, ஜாக்கியால் அங்குலம் அங்குலமாக ஹப்பை ஏற்றவேண்டும். இரண்டு கேஜுகளும் ஒன்றுபோல நகர்ந்தால் சக்கரம் திரும்பவில்லை; வேறுபட்டால், வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, டை ராடின் வெளிமூட்டுக்கு அடியில் மெல்லிய வாஷர்களைச் சேர்த்தோ எடுத்தோ மறுபடியும் ஏற்றிப் பார்க்கவேண்டும். பொறுமையை வேண்டும் வேலை இது. ஒரு பிற்பகல் முழுவதையும் இதற்குக் கொடுப்பது வீண் அல்ல.

பிறகு அலைன்மென்ட். பழைய கையேடு சொல்லும் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, ஒரு டிகிரியை ஒட்டியது. பவர் இல்லாத ஸ்டியரிங்கின் பளுவைக் குறைப்பதற்காகவும், அக்காலத்துக் குறுக்குநூல் டயர்களுக்காகவும் அவ்வாறு வகுத்தார்கள். ரேடியல் டயரும் பவர் உதவியும் வந்த பிறகு மூன்று, நான்கு டிகிரி வரையில் தாராளமாக வைக்கலாம். முதல் ஓட்டத்தில், வெறுமையான ஓரிடத்தில் மெதுவாக ஒரு வளைவில் திருப்பி, வீலைக் கைக்குள் தளர்த்திப் பார்க்கவேண்டும். அது தானாக நடுவுக்குத் திரும்பாமல் பாதியில் நின்றுவிட்டால், மோட்டாரின் குமிழைத் திருப்புவதற்கு முன்பாகத் தண்டின் ஜாயிண்டுகளில் இறுக்கம் உண்டா என்று பார்த்து, இல்லையானால் காஸ்டரை இன்னும் அரை டிகிரி கூட்டவேண்டும்.